குறுக்கே வருபவர்

நகரத்தில் வாழ்பவனுக்கு நாள் என்பது ஒரு கால அட்டவணை. குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எத்தனை மணி வண்டியைப் பிடிக்க வேண்டும், எத்தனை மணிக்கு மேல் போனால் அலுவலகத்தில் பேச்சுக் கேட்க வேண்டிவரும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். மும்பையில் குடியேறும் தமிழன் முதலில் கற்றுக்கொள்வது இந்தியை அல்ல, ரயில் நேரத்தைத்தான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இப்படி நிமிஷக் கணக்கில் பங்கிட்டு வைத்த நாளில் யாராவது குறுக்கே வந்துவிடுகிறார்கள். செருப்பை மாட்டும் நேரத்தில் எதிர்வீட்டுப் பாட்டி மருந்துச் சீட்டை நீட்டி, "இதிலே என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் பாருப்பா" என்கிறார். ஊரிலிருந்து வேலை தேடி வந்த பையன் ஒருவன், யாரோ எழுதிக் கொடுத்த விலாசத்துடன் வாசலில் நிற்கிறான். கணக்கு முடிக்கும் நாளில் பக்கத்து மேஜைக்காரர் தம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்குகிறார். அப்போது நம் முகத்தில் தோன்றும் அந்தச் சிறு சுளிப்பைப் பற்றிக் கிறிஸ்தவ சமயம் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்திருக்கிறது.

பெரிய துன்பங்களைத் தாங்குவதும் பொறுமைதான். நோய் வந்தாலும் இழப்பு நேர்ந்தாலும் மனிதன் எப்படியோ மனத்தைத் திடப்படுத்திக் கொள்கிறான். உற்றாரும் உடன் நிற்கிறார்கள். ஆனால் பத்து நிமிஷம் கேட்டு வருகிறவரிடம் காட்ட வேண்டிய பொறுமைக்குச் சாட்சி கிடையாது, பாராட்டும் கிடையாது. அதனாலேயே இது கடினமானது. கிறிஸ்தவ மரபு இதை நல்ல பழக்கங்களில் ஒன்றாக மட்டும் கருதவில்லை. ஒருவனுடைய பக்தி உண்மையானதா என்று உரசிப் பார்க்கும் கல்லாகவே கருதியது.

சுமையும் பொறுமையும்

தமிழில் 'பொறு' என்றால் பாரத்தைத் தாங்கு என்று பொருள். 'பொறை' என்ற சொல் சுமையையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும். திருக்குறளின் 16-வது அதிகாரத்துக்குப் 'பொறையுடைமை' என்று பெயர் இருப்பது எல்லாரும் அறிந்ததே. லத்தீன் மொழியிலும் இதே நிலைமைதான். பொறுமையைக் குறிக்கும் லத்தீன் சொல், துன்பத்தை அனுபவித்தல் என்ற வேரிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரியில் நாம் 'பேஷண்ட்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் வேர் அதுதான்.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் பொறுமைக்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று 'ஹூப்போமோனே'. சுமைக்கு அடியில் விலகாமல் நிற்பது என்று அதன் பொருள். துன்ப காலத்துக்கு உரிய பொறுமை இது. மற்றொன்று 'மக்ரோத்தூமியா'. சினம் எழுவதற்கு நீண்ட நேரம் பிடிக்கும் மனம் என்று அதை விளக்கலாம். இது பெரும்பாலும் மனிதர்களிடம் காட்டும் பொறுமை. தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் இதற்கு 'நீடிய பொறுமை' என்றும் 'நீடிய சாந்தம்' என்றும் அழகான சொற்களை அமைத்தார்கள்.

பவுல் அடிகள் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனிகள் என்று ஒன்பது குணங்களை வரிசைப்படுத்தும்போது இந்த நீடிய பொறுமையை நான்காவதாக வைக்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-வது அதிகாரத்தில் அன்பின் இலக்கணத்தைச் சொல்ல வந்தவர், முதல் இலக்கணமாகவே இதைச் சொல்கிறார். அன்பு என்றவுடன் தியாகத்தையோ தானத்தையோ அவர் முதலில் எடுக்கவில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் தாமதிக்கும் மனத்தைத்தான் எடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

யவீரு காத்து நின்ற நேரம்

குறுக்கீட்டைப் பற்றிய மிகச் சிறந்த பாடம் மாற்கு சுவிசேஷத்தின் 5-வது அதிகாரத்தில் இருக்கிறது. ஏசுநாதர் படகில் வந்து ஏரிக்கரையில் இறங்குகிறார். பெருங்கூட்டம் சூழ்ந்து கொள்கிறது. அப்போது யவீரு என்பவர் வந்து காலில் விழுகிறார். அவர் யூதர்களின் ஜெப ஆலயத் தலைவர்களில் ஒருவர். ஊரில் பெயரும் மதிப்பும் உள்ளவர். அவருடைய 12 வயது மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள். உடனே வரவேண்டும் என்று மன்றாடுகிறார். ஏசு அவருடன் புறப்படுகிறார்.

வழியில் ஒரு பெண் கூட்டத்துக்குள் நுழைந்து, பின்னாலிருந்து அவருடைய ஆடையைத் தொடுகிறாள். 12 ஆண்டுகளாக இரத்தப் போக்கினால் அவதிப்படுகிறவள் அவள். வைத்தியர்கள் பலரிடம் போய்க் கையிலிருந்த பொருளையெல்லாம் இழந்தவள். அக்காலத்து யூதச் சட்டப்படி அவளும் தீட்டு. அவள் தொட்டவரும் தீட்டு. அவளுக்குப் பெயர்கூடச் சொல்லப்படவில்லை. தொட்ட மாத்திரத்தில் அவள் குணமானாள். அத்துடன் அந்தச் சம்பவம் முடிந்திருக்கலாம்.

ஆனால் ஏசு நின்றுவிடுகிறார். தம்மைத் தொட்டது யார் என்று கேட்கிறார். கூட்டம் நெருக்கும்போது இது என்ன கேள்வி என்று சீடர்கள் அலுத்துக் கொள்கிறார்கள். அவர் சுற்றிலும் பார்த்தபடியே நிற்கிறார். கடைசியில் அந்தப் பெண் நடுங்கியபடி வந்து நடந்ததை முழுவதும் சொல்கிறாள். 12 ஆண்டுக் கதையை ஒரு பெண் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! அவர் கேட்டுக் கொண்டிருக்கிறார். பிறகு அவளை மகள் என்று அழைத்துச் சமாதானத்துடன் அனுப்பி வைக்கிறார்.

இங்கே பெரும்பாலான பிரசங்கங்கள் அந்தப் பெண்ணின் நம்பிக்கையைப் பேசும். ஆனால் பக்கத்திலேயே ஒரு தகப்பன் நின்று கொண்டிருக்கிறார். ஒவ்வொரு நிமிஷமும் அவருக்கு யுகம். அந்தப் பெண்ணோ 12 ஆண்டுகள் பொறுத்தவள். இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்தால் குடிமுழுகிப் போகாது. குழந்தை அப்படி அல்லவே! அவர் அஞ்சியபடியே நடந்தது. ஏசு பேசிக் கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து ஆள் வந்து, மகள் இறந்துவிட்டாள், இனிப் போதகரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்கிறார்கள்.

முதலில் மன்றாடியதற்குப் பிறகு யவீரு ஒரு வார்த்தை பேசியதாகக்கூட மாற்கு எழுதவில்லை. அவர் கோபித்தாரா, அழுதாரா என்றும் இல்லை. ஏசு அவரைப் பயப்படாமல் நம்பச் சொல்கிறார். இருவரும் தொடர்ந்து நடக்கிறார்கள். வீட்டில் ஒப்பாரி வைத்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஏசு அந்தச் சிறுமியின் கையைப் பிடித்து எழுப்புகிறார்; அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார்.

இந்த வரலாற்றில் பொறுமைக்கு ஒரு விலை இருக்கிறது என்பது மறைக்கப்படவில்லை. ஒருவருக்காக நின்றால் மற்றொருவர் காத்திருக்கத்தான் வேண்டும். பெயருள்ள பெரிய மனிதர் காத்திருக்க, பெயரில்லாத ஏழைப் பெண் பேசி முடித்தாள் என்பதே இதிலுள்ள புதுமை. உலக வழக்கத்தில் இது தலைகீழாக அல்லவா நடக்கும்? இன்னொன்றும் உண்டு. யவீரு வந்ததே ஒரு குறுக்கீடுதான். கூட்டத்தினிடையே நின்ற ஏசுவை அவர்தான் முதலில் அழைத்துச் சென்றார். குறுக்கீட்டுக்குள் ஒரு குறுக்கீடு. இரண்டும் சேர்ந்ததே அந்த நாளின் வேலை ஆயிற்று.

பாதி எழுத்தில் நின்ற கை

பிற்காலத்தில் துறவிகள் இதை ஒரு பயிற்சியாகவே ஆக்கினார்கள். எகிப்துப் பாலைவனத்துத் துறவிகளின் வாழ்க்கையை நேரில் கண்ட ஜான் காசியன் என்பவர் 5-ம் நூற்றாண்டில் அவர்களைப் பற்றி எழுதி வைத்தார். குடிலின் கதவைத் தட்டி ஜெபத்துக்கோ வேலைக்கோ அழைத்தால், ஏடு எழுதிக் கொண்டிருக்கும் துறவி, தொடங்கிய எழுத்தைக்கூட முடிக்க மாட்டாராம். எழுத்து பாதியில் நிற்க, எழுந்து வந்துவிடுவாராம்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றுகிறது. ஒரு வாக்கியம் எழுதிக் கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் "இதோ, இந்த வரியை முடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லாதவர் யார்? அந்த ஒரு வரியில்தான் 'என் வேலை' என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது என்பதைத் துறவிகள் கண்டுகொண்டார்கள்.

6-ம் நூற்றாண்டில் இத்தாலியில் மாண்டி காசினோ மடத்தை நிறுவிய புனித பெனடிக்ட், மடவாசிகளுக்காக 73 அதிகாரங்களில் ஒரு விதிநூல் எழுதினார். அதில் 53-வது அதிகாரம் விருந்தினரைப் பற்றியது. வருகிற விருந்தினர் ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்க வேண்டும் என்பது விதி. விருந்தினருக்காக மடத்துத் தலைவர் தம் உபவாசத்தையும் விட்டுக் கொடுக்கலாம். ஏழைகளையும் யாத்ரீகர்களையும் தனிக் கவனத்துடன் உபசரிக்க வேண்டும். பணக்காரனுக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் என்பது பெனடிக்டின் அனுபவ ஞானம்.

66-வது அதிகாரம் வாயிற்காப்பாளரைப் பற்றியது. அந்த வேலைக்கு விவேகமுள்ள ஒரு முதியவரை வைக்க வேண்டும் என்கிறார். வயதாகிவிட்டதால் அவர் அங்கும் இங்கும் அலைய மாட்டார் அல்லவா? யாராவது கதவைத் தட்டினாலும், ஏழை ஒருவன் குரல் கொடுத்தாலும், இறைவனுக்கு நன்றி கூறியபடியே அவர் பதில் கொடுக்க வேண்டும். வந்தவர் யார், எதற்கு வந்தார் என்பதெல்லாம் பிறகு. நன்றிதான் முதல்.

வாயிற்காப்பாளர் ஒருவர்

இந்த விதியை வாழ்ந்து காட்டியவராக ஸ்பெயின் நாட்டு அல்போன்சஸ் ரோட்ரிகஸைச் சொல்லலாம். கம்பளித் துணி வியாபாரம் செய்து வந்த குடும்பஸ்தர் அவர். மனைவியும் குழந்தைகளும் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். வியாபாரமும் நொடித்தது. படிப்பு போதாத நிலையில், நாற்பது வயதை நெருங்கும்போது, 1571-ல் ஏசு சபையில் குருவாக அல்லாமல் சாதாரணச் சகோதரராகச் சேர்த்துக் கொள்ளப்பட்டார்.

மஜோர்க்கா தீவில் பால்மா நகரில் இருந்த ஏசு சபைக் கல்லூரிக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே நெடுங்காலம் அவருக்குக் கிடைத்த வேலை கதவைத் திறப்பது. மாணவர், வியாபாரி, பிச்சைக்காரர், அதிகாரி என்று யார் யாரோ வருவார்கள். உள்ளே இருப்பவர்களைத் தேடிப் போய்ச் செய்தி சொல்ல வேண்டும். மூட்டைகளை வாங்கி வைக்க வேண்டும். பசித்தவருக்கு உணவு கொடுக்க வேண்டும். மணி அடிக்கும்போதெல்லாம் ஆண்டவரே கதவுக்கு வெளியே நிற்பதாக எண்ணி, "இதோ வருகிறேன், ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே எழுந்து செல்வார் என்று அவரைப் பற்றிக் கூறுவது வழக்கம்.

காவல்காரர் வேலை எப்படிப்பட்டது என்பது அடுக்குமாடி வாசலில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் தெரியும். அவருக்கு என்று தனி வேலை எதுவும் கிடையாது. பிறருடைய குறுக்கீடுதான் அவருடைய முழு வேலை. அந்த வேலையில் இருந்தபடியே அல்போன்சஸ் பலருக்கு ஆன்மிக வழிகாட்டியாகவும் ஆனார். 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே படிக்க வந்த பீட்டர் கிளேவர் என்ற இளைஞர், இந்த முதிய சகோதரரிடம் யோசனை கேட்பார். அமெரிக்கக் கண்டத்துக்குத் தொண்டு செய்யப் போகும்படி அவரைத் தூண்டியவர் அல்போன்சஸ்தான்.

கிளேவர் இன்றைய கொலம்பியா நாட்டில் உள்ள கார்த்தஜீனா துறைமுகத்துக்குச் சென்றார். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகளுக்கு மருந்தும் உணவும் கொடுத்துத் தம் ஆயுளைக் கழித்தார். 1617-ல் அல்போன்சஸ் காலமானார். 1654-ல் கிளேவர் காலமானார். 1888-ல் திருத்தந்தை 13-ம் சிங்கராயர் இருவரையும் ஒரே நாளில் புனிதர்களாக அறிவித்தார். வாயிற்காப்பாளரின் பத்து நிமிஷப் பேச்சுகள் கடல் கடந்து போய் என்ன வேலை செய்தன என்பதற்கு இதுவே சான்று.

எரிகோ பாதையும் கைக்கடிகாரமும்

குறுக்கீட்டை மதிக்காமல் போனவர்களையும் பைபிள் காட்டுகிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் பாதை ஏறக்குறைய 27 கிலோ மீட்டர். மலையிலிருந்து கிடுகிடுவென்று கீழே இறங்குகிற பாதை. அதில் கள்வரிடம் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு ஓர் ஆசாரியரும் ஒரு லேவியரும் விலகிச் சென்றார்கள். இழிவாகக் கருதப்பட்ட சமாரியன் நின்று உதவினான் என்பது லூக்கா 10-வது அதிகாரத்தில் உள்ள உவமை.

ஜெர்மானிய இறையியலார் டீட்ரிக் போன்ஹோபர் இந்த உவமையைக் குருமார்களுக்கே திருப்பிக் காட்டினார். ஹிட்லர் ஆட்சியில் பின்கன்வால்டே என்ற இடத்தில் அவர் நடத்திய குருமடத்தை 1937-ல் போலீசார் மூடினார்கள். அங்கே கூடி வாழ்ந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய நூல் 1939-ல் வெளிவந்தது. கடவுள் அன்றாடம் நம் பாதையில் குறுக்கிடுவார். அதற்கு இடம் கொடுக்க வேண்டும். தம் வேலை மிக முக்கியம் என்று எண்ணி எவரையும் அண்டவிடாதவர்களில் குருமார்களும் உண்டு என்பது அவர் கருத்து. சொன்னவர் நிம்மதியான அறையில் உட்கார்ந்து சொல்லவில்லை. 1945 ஏப்ரல் 9-ந் தேதி பிளாசன்பர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இது வெறும் உபதேசமா, உண்மையா என்று சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியல் அறிஞர்கள் பிரின்ஸ்டன் நகரத்து இறையியல் மாணவர்கள் 40 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 1973-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு மாணவரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு பேச்சுப் பேச வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பே நல்ல சமாரியன் உவமைதான்! வழியில் ஒருவர் வாசற்படியில் சரிந்து கிடந்து இருமி முனகுவார். அவர் அறிஞர்கள் ஏற்பாடு செய்த ஆள்.

நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 100-க்கு 63 பேர் உதவ முன்வந்தார்கள். நேரம் சரியாக இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 100-க்கு 45 பேர். ஏற்கனவே தாமதமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 100-க்கு 10 பேர்தான். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்ற நினைப்பு குறிப்பிடத்தக்க மாறுதல் எதையும் செய்யவில்லை. சமாரியனைப் பற்றிப் பேச அவசரமாகப் போனவர்களில் சிலர் கிடந்தவரைத் தாண்டிக் கொண்டே போனார்களாம்!

அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். அவசரமாகப் போனவர்கள் மறுகட்டடத்தை அடைந்தபோது மனக் கலக்கத்துடன் இருந்ததையும் அறிஞர்கள் குறித்தார்கள். இரக்கம் உள்ளே இருந்தது. கடிகாரம் அதை வெளியே வரவிடவில்லை. ஆகவே பொறுமை என்பது குணத்தைப் பொறுத்தது மட்டும் அல்ல, நாளை எப்படி அமைத்துக் கொள்கிறோம் என்பதையும் பொறுத்தது என்று தெரிகிறது.

திண்டிவனத்து இரவு

சில குறுக்கீடுகளுக்கு அந்த நேரத்தில் பதில் கொடுக்கவே முடியாது. அப்படிப்பட்ட ஓர் இரவு தமிழ்நாட்டில் நேர்ந்தது. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனரி மருத்துவக் குடும்பத்துப் பெண். ஆனால் குடும்பத் தொழிலில் அவருக்கு விருப்பம் இல்லை. அமெரிக்காவில் படித்துக் கொண்டிருந்தவர், தாயாருக்கு உடல்நலம் இல்லாததால் 1890-ல் திண்டிவனம் வந்தார். சீக்கிரமே திரும்பிப் போய்விடுவது என்பதே அவர் திட்டம்.

ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் இருந்தாள். ஐடா தமக்கு வைத்தியம் தெரியாது, தகப்பனார் டாக்டர், அவர் வருவார் என்றார். அந்நிய ஆணை வீட்டுக்குள் விட அவர்களில் யாரும் இசையவில்லை. வந்தவர்களில் இந்துவும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார். வழக்கம் மட்டும் ஒன்றாக இருந்தது. மறுநாள் காலை விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. ஐடா அம்மையாரே பின்னாளில் சொல்லி வந்த வரலாறு இது.

அந்த இரவு அவருடைய திட்டத்தை மாற்றியது. அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூர் வந்தார். 1902-ல் பெண்களுக்காக 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் அவர் வண்டி போகும்போது மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள்; வண்டி நின்று நின்றுதான் போகும். வழிமறிப்பதையே அவர் வைத்திய முறையாக்கிவிட்டார் எனலாம். 1960-ல் அவர் காலமானார். இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வேலூருக்கு ரயிலேறி வருகிறவர்களுக்கு அந்தத் திண்டிவனத்துக் கதவைத் தெரியாது. வேலூர் ஆஸ்பத்திரியைத் தெரியும்.

அந்த மூன்று பெண்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். யவீருவின் மகள் எழுந்தாள், இவர்கள் எழவில்லை. எல்லாக் குறுக்கீடும் நல்லபடியாகவே முடியும் என்று வாக்குறுதி கொடுப்பது பொறுமை அல்ல. பதில் கொடுக்க முடியாமல் போன ஒரு தட்டலை மறக்காமல், அதற்குப் பதிலாகப் பத்தாண்டு உழைப்பதும் பொறுமைதான்.

கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாமா?

அப்படியானால் யார் எப்போது கூப்பிட்டாலும் ஓட வேண்டியதுதானா? சொந்த வேலை, படிப்பு, ஓய்வு எதுவும் வேண்டாமா? இந்தக் கேள்விக்கும் அதே நூல்களில் விடை இருக்கிறது.

மாற்கு முதல் அதிகாரத்தில் ஏசு விடியுமுன் எழுந்து தனியிடம் போய் ஜெபிக்கிறார். சீடர்கள் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அவர் அந்தக் கூட்டத்திடம் திரும்பவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போகலாம் என்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 6-வது அதிகாரத்தில், அன்றாட உணவுப் பங்கீட்டில் சில விதவைகள் விடுபட்டதாகப் புகார் எழுகிறது. சீடர்கள் தாங்களே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக் கொள்ளவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். புகாரும் தீர்ந்தது, போதனையும் தடைப்படவில்லை. புனித பெனடிக்டும் விருந்தினருக்குத் தனிச் சமையற்கட்டு வைத்தார். நேரம் காலம் இல்லாமல் வருகிறவர்களால் மடத்தில் உள்ள மற்றவர்களுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பது அவர் நோக்கம்.

அடிப்பவனையும் ஏமாற்றுகிறவனையும் சகித்துக் கொண்டு வாய்மூடி இருப்பதற்கும் பொறுமை என்று பெயர் சூட்டக்கூடாது. அது கொடுமைக்குக் கொடுக்கும் இடம். தேவையுடன் வருகிறவனுக்குக் கதவைத் திறப்பது வேறு. கொள்ளையடிக்க வருகிறவனுக்குத் திறப்பது வேறு.

கைபேசி மணியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. இன்று நடப்பது விசித்திரமானது. கையில் உள்ள கருவி ஒலித்தால் அடுத்த நொடியே எடுத்துப் பார்க்கிறோம். பக்கத்தில் நிற்கிற குழந்தை, "அப்பா, இங்கே பாரு" என்றால், "இரு, அப்புறம்" என்கிறோம். குறுக்கீட்டுக்கு இடம் கொடுக்காதவர்கள் அல்ல நாம். தவறான குறுக்கீட்டுக்கு இடம் கொடுத்துவிட்டு, சரியானதைக் காக்க வைக்கிறோம்.

வீட்டில் பொறுப்பவர் யார்?

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும. பல வீடுகளில் குறுக்கீடு எல்லாருக்கும் சமமாக வருவதில்லை. கணவர் பேப்பர் படிக்கும்போது கதவு தட்டப்பட்டால் எழுந்து போகிறவள் மனைவி. பாலும் கியாஸ் சிலிண்டரும் பள்ளிக் குழந்தையின் அழுகையும் மாமியாரின் மருந்து நேரமும் அவள் கையில் இருக்கும் வேலையைத்தான் நிறுத்துகின்றன. அவளும் வேலைக்குப் போகிறவளாக இருந்தாலும் இதில் பெரிய மாறுதல் இல்லை. வீட்டில் ஆண் அமைதியாக உட்கார்ந்திருக்கிறான் என்றால், பெரும்பாலும் அது அவனுடைய பொறுமை அல்ல. அவளுடைய பொறுமையைக் கடன் வாங்கி வைத்திருக்கிறான்.

மார்த்தாள், மரியாள் என்ற சகோதரிகள் வீட்டில் ஏசு விருந்தாளியாக இருந்தபோது, தனியாக வேலை செய்ய வேண்டியிருக்கிறதே என்று மார்த்தாள் முறையிட்டதாக லூக்கா எழுதுகிறார். உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்த மரியாளை ஏசு எழுப்பி அனுப்பவில்லை. பெண்ணுக்கும் இடையூறு இல்லாமல் உட்கார்ந்து கேட்க உரிமை உண்டு என்பது அதில் அடங்கியிருக்கிறது. அப்படியானால் அடுப்பைப் பார்ப்பது யார் என்ற கேள்வி வரும். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் உள்ள மற்றவர்கள்.

பத்து நிமிஷம்

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அன்றாடம் செய்யக்கூடிய சில காரியங்கள் புலப்படுகின்றன. நாளை மூட்டையைப் போலத் திணித்துக் கட்டாமல், இரு வேலைகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விடுவது ஒன்று. வருகிறவரைப் பார்த்தவுடன் 'இவரால் நமக்கு எவ்வளவு நேரம் போகும்' என்று கணக்குப் போடுமுன், பெனடிக்டின் முதியவரைப் போல மனத்துக்குள் ஒரு நன்றி சொல்லிப் பார்ப்பது மற்றொன்று. உண்மையிலேயே நேரம் இல்லை என்றால் முகம் சுளிக்காமல் அதைச் சொல்லி, எப்போது வரலாம் என்று நேரம் குறித்துக் கொடுப்பது, அந்த நேரத்தில் தவறாமல் இருப்பது, இதுவும் பொறுமையில் சேர்ந்ததே. வீட்டில் கதவு தட்டப்படும்போது இன்று யாருடைய முறை என்று பார்த்து எழுவது இன்னொன்று.

பிரின்ஸ்டன் மாணவர்களில் நின்றவருக்கும் நிற்காதவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் பெரும்பாலும் சில நிமிஷங்கள்தான். வேதம் இரு சாராருக்கும் ஒன்றாகவே தெரிந்திருந்தது. ஆகவே நீடிய சாந்தம் வேண்டும் என்று ஜெபிக்கிறவர், கூடவே வீட்டிலிருந்து பத்து நிமிஷம் முன்னதாகப் புறப்படவும் பழகிக் கொள்ளலாம். அந்தப் பத்து நிமிஷம் யாருக்கு உரியது என்பது வழியில் தெரியும்.